மெதுவாக அடிக்கிற நெஞ்சு

அந்த ஒரு வாரத்தில் என் நெஞ்சில் கை வைத்துப் பார்க்காத பெண்பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. பெரியம்மா வைத்தார், எதிர்வீட்டுக்காரம்மா வைத்தார், பால் ஊற்ற வந்த அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையோடு வைத்துப் பார்த்தார். வைத்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "ரொம்ப மெதுவா அடிக்குதேம்மா." சொல்லிவிட்டு, ஊருக்குப் புறப்படுகிறவளைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு வாசலைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஓடத்தான் கூடாது என்று சொல்லியிருந்தார்களே!

நான் ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டர். மைதானத்தை இரண்டு முறை சுற்றுகிற பந்தயம். முதல் சுற்றைக் காலும் மூளையும் பார்த்துக்கொள்ளும், இரண்டாவது சுற்று முழுக்க நெஞ்சு போட்ட பிச்சை. தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு வேலையும் வாங்கியவள். ஊருக்கு வந்தால் எனக்கு மைதானம் தேவையில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசற்படியை விட்டு இறங்கினாலே கிரிவலப் பாதைதான். விடியுமுன்னே மலையைச் சுற்றி ஓடிவிட்டு வந்து, அம்மா சுடச்சுடப் போடும் இட்லியை மல்லாட்டைச் சட்னியில், வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலைச் சட்னி, முக்கித் தின்பேன். பௌர்ணமியன்று மட்டும் ஓட முடியாது. அன்றைக்குப் பாதை முழுவதும் தலைகளாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் பொங்கலுக்கு நான் வந்தபோது வீட்டில் ஒரே கொண்டாட்டம். வெளிநாட்டு மலையூர் ஒன்றில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு என்னை எடுத்திருந்தார்கள். இந்த மாதிரி ஒரு வாய்ப்புக்காகப் பத்து வருடமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வருடம் போனால் என் கால்கள் அந்த வேகத்தைத் தருமா என்பது எனக்கே சந்தேகம். விட்டால் போனதுதான். முகாமுக்குப் போக இரண்டே நிபந்தனை. கொரோனாவுக்குப் பூஸ்டர் ஊசி போட்டிருக்க வேண்டும், உடம்பு சரியாக இருக்கிறதென்று டாக்டர் சொல்ல வேண்டும்.

ஊசி என்றதும் அப்பா செல்போனை எடுத்துவிட்டார்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற மனிதர். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவார். யார் என்ன சொன்னாலும் நம்பாதவர், ஆனால் வாட்ஸ்அப் சொன்னால் நம்புவார். தினமும் காலைக் காப்பியோடு அதில் வந்ததையெல்லாம் வீடே கேட்கும்படி உரக்கப் படிப்பது அவர் வழக்கம். எங்கள் வீட்டில் தனியாக ரேடியோ தேவைப்பட்டதில்லை. அந்த நாட்களில் வந்துகொண்டிருந்தது முழுக்க ஒரே மாதிரி செய்திதான். எங்கோ ஒரு நாட்டில் கால்பந்து ஆடியவன் மைதானத்தில் சுருண்டு விழுந்தான், எங்கோ சைக்கிள் போட்டியில் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான், எல்லாம் ஊசியால்தான். அப்பாவுக்குக் கால்பந்தும் தெரியாது, அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறதென்றும் தெரியாது. ஆனால் விழுந்தவன் நெஞ்சு என் நெஞ்சு மாதிரி என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நல்லா ஓடறவங்களா பாத்துதான் சாயறாங்களாம் பாப்பா. உனுக்கு வேணாம்," என்றார்.

முதல் இரண்டு ஊசி போட்டபோது சாயவில்லையே என்றேன். இது மூணாவது என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கோச் சாரிடம் கேட்டேன். அவர் அணி டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். ஊசி போட்டு அரிதாகச் சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் வருவது உண்டு, இல்லை என்று மறைக்க வேண்டியதில்லை. கொரோனா வந்தாலும் அது வரலாம். பெரும்பாலும் ஓய்வெடுத்தாலே சரியாகிவிடும். அதனால் ஊசி போட்டபின் சில நாள் கடுமையான பயிற்சி வேண்டாம், நெஞ்சு வலியோ படபடப்போ மூச்சு வாங்குவதோ இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு காய்ச்சல். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. அப்பா என் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. கோச் சார் சொன்னபடி நான் ஷூவை எடுக்கவே இல்லை. நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தேன். அதற்கும் மறுநாள் தைப்பூசப் பௌர்ணமி. இனிமேல்தான் கரும்பு வருகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வேண்டுதல் உண்டு. பிள்ளை இல்லாதவர்கள் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டு, பிள்ளை பிறந்ததும் நாலைந்து கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளையை அதில் கிடத்துவார்கள். தாய் ஒரு முனையும் தகப்பன் ஒரு முனையுமாகத் தோளில் வைத்துக் கோயிலைச் சுற்றி மாடவீதியில் நடப்பார்கள். கரும்புத் தொட்டில். பார்க்கக் கண்ணில் தண்ணீர் வரும். என் அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஏழெட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, அம்மா இந்த வேண்டுதலை வைத்து, பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. கோயில் மூடியது, மாடவீதி மூடியது, கிரிவலம் மூடியது. எல்லாம் திறந்து, அம்மா நல்ல நாள் பார்த்து முடிப்பதற்குள் அந்தக் குழந்தை நடக்கக் கற்று, பேசக் கற்று, எங்களையெல்லாம் அதட்டவும் கற்றுவிட்டாள். தொட்டிலில் மூன்று மாதக் குழந்தையாகக் கிடக்க வேண்டியவள் ஒரு மூட்டை அரிசி கனத்துக்கு வந்துவிட்டாள்.

அம்மாவுக்கு இன்னொரு கவலை. சாமியை இவ்வளவு நாள் காக்க வைத்தது குற்றமாகிவிடுமோ என்று. அதற்குப் பரிகாரமாக அம்மாவே ஒன்றைத் தீர்மானித்தார். மாடவீதி போதாது, தொட்டிலை மலையைச் சுற்றியே தூக்கிக்கொண்டு வருவது. பட்டினியாக, வெறுங்காலோடு. சாமி கேட்கவே இல்லை, அம்மாவாகக் கொடுத்தது.

கடைசி நேரத்தில் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆப்பரேஷன் செய்து பிள்ளை பெற்றதிலிருந்தே கனம் தூக்கினால் அப்படித்தான். தாய் தூக்க முடியாவிட்டால் அத்தை தூக்கலாம், தப்பில்லை என்று பெரியம்மா சட்டம் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"உன்ன ஓடக் கூடாதுனுதானே சொல்லியிருக்காங்க?" என்றார் அம்மா. "நடக்கக் கூடாதுனு யாரும் சொல்லலியே. இது சாமி காரியம்டி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடிகாரம் கட்டி, ஷூ மாட்டி, கோச் சார் விசில் ஊதினால்தான் எனக்குப் பயிற்சி. மலையைச் சுற்றி நடப்பது பயிற்சி என்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைகூடச் சொல்லாது. காய்ச்சல் விட்ட உடம்போடு, வயிற்றில் ஒன்றும் இல்லாமல், விடிந்தும் விடியாமலும் கரும்பைத் தோளில் வைத்தேன்.

அண்ணன் என்னைவிட ஒரு தலை உயரம். அவன் முன்னால், நான் பின்னால். கரும்பு சரிந்து கனம் முழுக்க என் பக்கம் வந்தது. தொட்டிலில் படுத்திருக்க வேண்டிய மகாராணி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். பாதையில் முதலில் வரும் வாயு லிங்கக் கோயிலை எட்டுவதற்குள் கரும்பைக் கடிக்க வேண்டும் என்றாள். குபேர லிங்கத்துக்கிட்டே பஞ்சு மிட்டாய் வேண்டும் என்று ஆடினாள். அவள் ஆட ஆட, கரும்புக் கணு என் இடது தோளுக்குக் கீழே நெஞ்செலும்பில் இடித்தது. நான் கரும்பைக் கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் நகர்ந்தால் நகர்ந்தோம், நின்றால் நின்றோம். டவுனைத் தாண்டி அக்னி லிங்கம் வரும்போது வெயில் ஏறிவிட்டது. செங்கம் ரோட்டில் காப்பிக் கடைகளின் வாசனை குடலைப் பிடுங்கியது. வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தார் ரோடு காலைச் சுட்டது. பக்கத்தில் நடந்த அண்ணி பத்தடிக்கு ஒருதரம், கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாமா என்று கேட்டாள். இறக்கி வைத்தால் வேண்டுதல் கெட்டுவிடும் என்று அம்மா பத்தடிக்கு ஒருதரம் சொன்னார். வீடு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. நான் பந்தயத்தில்கூட அப்படி விழுந்ததில்லை. கரும்பை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை மட்டும் தூங்கி எழுந்த புத்துணர்ச்சியோடு மறுபடியும் போகலாம் என்றாள்.

மறுநாள் காலை எழுந்தபோது நெஞ்சு வலித்தது.

இடது பக்கம். மூச்சை இழுத்தால் சுருக்கென்றது. எழுந்து நின்றால் படபடவென்று அடித்தது. அணி டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. அப்பாவிடம் சொல்லாமல் அண்ணனிடம் சொன்னேன். ஆனால் அந்த வீட்டில் எதை மறைக்க முடியும்? அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. "அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

டவுனில் இதய டாக்டரம்மா ஒருவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண், நறுக்கென்று பேசுவார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இயந்திரம் துப்பிய தாளின் மேலேயே "அப்நார்மல்" என்று அச்சாகி வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்தான். டாக்டரம்மா சிரித்தார். ஓடுகிறவர்களின் நெஞ்சு பெரிதாகவும் மெதுவாகவும்தான் இருக்கும், இந்த இயந்திரத்துக்கு அது தெரியாது, வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களை வைத்து அளந்து பயமுறுத்தும் என்றார். எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அது ரத்தப் பரிசோதனை வரும்வரைதான்.

இதயத் தசை நொந்துபோனால் ரத்தத்தில் கசிகிற ஒரு பொருள் உண்டாம். அது எனக்குக் கூடியிருந்தது. ரொம்ப இல்லை, ஆனால் இருக்க வேண்டியதைவிட ஜாஸ்தி. டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஊசி போட்டப்புறம் எக்சர்சைஸ் ஏதாவது பண்ணியாம்மா? ஓட்டம், ஜிம், எதுவா இருந்தாலும்?"

"இல்ல மேடம்," என்றேன்.

"ஒரு அடி ஓடல மேடம்," என்றார் அம்மா. "ஷூவையே தொடல. நான்தான் பாத்துக்கினு இருந்தேனே."

பொய் சொல்கிறோம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. இன்றுவரை அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்படியானால் இது இதயத் தசை வீக்கமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. உறுதி இல்லை. சென்னையில் இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும், அதற்கு ஒரு வாரம் ஆகும். வீக்கம்தான் என்றால் சில மாதங்கள் ஓடவே கூடாது. வீங்கிய நெஞ்சோடு ஓடுவதுதான் ஆபத்து, ஓய்வெடுத்தால் பயமில்லை. அதுவரை மாடிப்படி ஏறுவதுகூட மெதுவாக. தலைசுற்றினாலோ மூச்சு முட்டினாலோ நேரம் காலம் பார்க்காமல் வரவேண்டும்.

வெளியே வந்து கோச் சாருக்குப் போன் போட்டேன். உடம்புதான் முதலில் என்றார் அவர். முகாமுக்குப் பெயர் அனுப்ப அடுத்த வாரக் கடைசிவரை நேரம் இருக்கிறது, அதற்குள் டாக்டர் சொல்லிவிட்டால் நான் போகலாம், இல்லாவிட்டால் எனக்கு அடுத்தபடியாக ஓடிய பெண் போவாள் என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்று நான் குமுறிக் குமுறி அழுதேன். செத்துப்போவேனோ என்பதற்காக அழுதேனா, முகாம் போய்விடுமோ என்பதற்காக அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

இந்தக் கட்டத்தில்தான் ஊர் என் நெஞ்சில் கை வைக்கத் தொடங்கியது. கண் பட்டுவிட்டது என்றார்கள். திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஊசியை எடுக்க ஒரு கஷாயம் இருக்கிறதென்று ஒருவர் பாட்டிலோடு வந்தார். நான் அதைச் செம்பருத்திக்கு ஊற்றினேன், செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணிதான் பாவம், தன்னால்தான் எல்லாம் என்பது போலச் சமையல்கட்டிலேயே நின்றாள். எதனால் உன்னால் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்போது நான் கொஞ்சம் நிதானமாகக் கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியில் வந்திருக்கும்.

அப்பா வேறொன்று செய்திருந்தார். எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டிருந்தார். நம்ம பாப்பாவுக்கு ஊசி போட்டு நெஞ்சு வலி வந்துவிட்டது, எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று. அவ்வளவுதான், தகப்பன் மனசு. நான் தப்பு சொல்ல மாட்டேன்.

மூன்று நாள் கழித்து ஒரு காலையில் நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போலக் காப்பி டம்ளரோடு எதிரில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்ததைப் படிக்க ஆரம்பித்தார். மல்லாட்டை வியாபாரி ஒருவர் அனுப்பியிருந்தாராம்.

"தடுப்பூசிக்கு இன்னொரு பலி. கிரிவலப் பாதையில ஓடிக்கினு இருந்த இளம் வீராங்கனை சுருண்டு விழுந்து மரணம். அடி அண்ணாமலையைச் சேர்ந்த..."

அங்கே நின்றுவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கையில் பாதி இட்லியோடு நானும் அவரைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் தேசிய அளவில் ஓடுகிறவள் நான் ஒருத்திதான்.

அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் தோளைத் தொட்டார், தலையைத் தொட்டார். "நீ சாப்பிடு பாப்பா. நல்லா சாப்பிடு," என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் செத்துப்போனதாக அவரே அவர் வாயால் படித்திருக்கிறார். அது புறப்பட்ட இடமும் அவருடைய போன்தான். நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அன்றைக்கு அவர் மேற்கொண்டு எதுவும் படிக்கவில்லை. மறுநாளும் படிக்கவில்லை. வீடு நிசப்தமாக இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை.

சென்னைக்குப் போவதற்கு முன்னால் டாக்டரம்மா ஒருமுறை வரச் சொல்லியிருந்தார். இந்த முறை அப்பாவும் உள்ளே வந்தார். வலி எப்படி இருக்கிறதென்று கேட்டார் டாக்டரம்மா. குறைந்திருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இருக்கிறது என்றேன். எந்த இடம் என்று கட்டைவிரலால் அழுத்தினார். நான் கத்திவிட்டேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். இதய வலி விரலால் அழுத்தினால் இப்படிக் கத்த வைக்காதே என்றார். சட்டைக் கழுத்தைச் சற்று விலக்கிப் பார்த்தார். தோளிலிருந்து நெஞ்செலும்புவரை பட்டையாகக் கன்றிப்போய், பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

"இது என்னம்மா?"

"அது கரும்பு மேடம்," என்றேன்.

"கரும்பா?"

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கரும்புத் தொட்டில் மேடம். என் பேத்திக்கு வேண்டுதல். மருமகளுக்கு இடுப்பு வலி, அதனால இவதான் தூக்கினா. மாடவீதி இல்ல, மலையச் சுத்தி. எறக்கவே இல்ல, பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்போ?"

"பௌர்ணமிக்கு."

"ஊசி போட்டு மூணாவது நாள். காய்ச்சல் விட்ட உடம்பு. பட்டினி." ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எக்சர்சைஸ் பண்ணியானு நான் கேட்டேனா இல்லையா?"

"அது எக்சர்சைஸ் இல்லையே மேடம்," என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது எப்படிக் கேட்டது என்பதைச் சொல்ல மாட்டேன்.

"சாமி காரியம்," என்றார் அம்மா, குரல் பாதியாகக் குறைந்து.

டாக்டரம்மா எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஆனதால் நாங்கள் பிழைத்தோம். வேறு யாராவது என்றால் எங்களை வெளியே துரத்தியிருப்பார்கள். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்கமாகச் சொன்னார். அப்படி மணிக்கணக்கில் கனம் சுமந்து, தண்ணீரில்லாமல் நடந்தால், நல்ல இதயம் உள்ளவர்களுக்கே அந்தப் பொருள் ரத்தத்தில் கூடும், சில நாளில் தானே இறங்கிவிடும். நெஞ்சு வலிக்குக் காரணம் கரும்பு. படபடப்புக்குக் காரணம் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன உடம்பாக இருக்கலாம். எங்கள் முகம் மலர்வதைப் பார்த்துக் கையைக் காட்டித் தடுத்தார்.

அப்பா கேட்டார். "அப்போ ஊசி இல்லீங்களா மேடம்?"

"ஊசினும் இப்போ சொல்ல மாட்டேன், ஊசி இல்லனும் சொல்ல மாட்டேன். பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. "பாக்காம சொல்றதுக்கு நான் எதுக்குங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது எங்கே பட்டதென்று எனக்குத் தெரிந்தது.

ரத்தத்தை மறுபடி எடுத்தார்கள். கூடியிருந்தது இறங்கியிருந்தது. அவர் அதோடு விடவில்லை, சென்னை ஸ்கேனை எடுத்தே ஆக வேண்டும் என்றார். அங்கே ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் படுத்து, மூச்சைப் பிடி, விடு, பிடி என்று ஒலிபெருக்கியில் வந்த குரலுக்குக் கீழ்ப்படிந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக என் நெஞ்சிடம் கெஞ்சினேன். எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன் அதை, கடைசி நூறு மீட்டரில். அன்றைக்கு, நீ எனக்கு எதுவும் ஜெயித்துத் தர வேண்டாம், சும்மா நன்றாக இரு என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. வீக்கம் இல்லை, தழும்பு இல்லை. பெரிய நெஞ்சு, மெதுவான நெஞ்சு, ஆரோக்கியமான நெஞ்சு. டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து, டாக்டரம்மா வாயாலேயே ஓடலாம் என்று சொன்னபோது, அம்மா அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் பாலை வார்த்தீர்களே என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வேண்டுதல் எதையும் வைத்துவிடாதீர்கள் என்றார் அவர். வைத்தால் தன்னைக் கேட்டுவிட்டு வையுங்கள் என்றார். கோச் சாருக்குக் கரும்புத் தொட்டில் கதையையும் சேர்த்துத்தான் சொன்னேன். இனிமேல் ஓய்வு என்றால் என்ன என்று உன் அம்மாவுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார். முகாமுக்கு என் பெயரை அனுப்பிவிட்டார்.

வீடு திரும்பிய அன்றைக்கு அப்பா வாசலில் நின்று சொந்தக்காரர்கள் குழுவுக்கு இன்னொரு குரல் பதிவு போட்டார். தொண்டையைச் செருமிச் செருமி, பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசுவது போலப் பேசினார். எம் மக நல்லா இருக்கா, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, ஊசியால ஒண்ணும் ஆவல, நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், இதையும் எல்லாருக்கும் அனுப்புங்க. மல்லாட்டை வியாபாரிக்கும் தனியாக அனுப்பினார். அவர் கட்டை விரலைக் காட்டும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அப்பா பல நாள் காத்திருந்தார், அந்தப் பதிவு எங்காவது சுற்றிவிட்டுத் தன் போனுக்கே திரும்பி வருமென்று. வரவில்லை.

முகாமில் என் அறையில் இன்னொரு தமிழ்ப் பெண், தெற்குப் பக்கத்துக்காரி, நீளம் தாண்டுகிறவள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலைப் பயிற்சி முடிந்து புல்லில் உட்கார்ந்திருந்தபோது என் ஊர் எது என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது.

"உங்க ஊர்ல ஓடுற பொண்ணு ஒண்ணு ஊசி போட்டுச் செத்துப்போச்சாமே? எங்க வீட்ல அதச் சொல்லித்தான் என்னை விடவே மாட்டேன்னாங்க. உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு, கடல் தாண்டி வந்த இடத்திலும் நான் செத்துக்கொண்டிருக்கிறேனே என்று இருந்தது. அப்பா அன்றைக்குக் காலையில் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. அவள் கையை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்தேன்.

"நல்லாத் தெரியும். இதுதான் அந்தப் பொண்ணு," என்றேன்.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து, உள்ளே நடப்பதைக் கேட்பது போல இருந்தாள். பிறகு, எங்கள் தெரு முழுக்கச் சொன்னதையே அவளும் சொன்னாள்.

"மெதுவால்ல அடிக்குது?"

"மெதுவாத்தான் அடிக்கும்," என்றேன். "அதுக்குத்தானே இத்தனை வருஷம் ஓடினேன்."